கேம் சர்வருக்கு எந்த ஓஎஸ்? கேமைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நண்பர்கள் சேர்ந்து விளையாட ஒரு கேம் சர்வர் வைக்க, விபிஎஸ் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் மெய்நிகர் கணினி) வாடகைக்கு எடுக்கப் போனால், எந்த ஓஎஸ் (இயங்குதளம்) வேண்டும் என்று உபுண்டு, டெபியன், அல்மாலினக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளும் விண்டோஸ் சர்வரும் கொண்ட ஒரு பட்டியல் வந்து நிற்கும். பழக்கம் காரணமாக விண்டோஸைத் தட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எந்த கேமை ஓட்டப்போகிறீர்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். விளையாடுபவர்கள் எல்லோரும் விண்டோஸில் இருந்தாலும் சர்வர் லினக்ஸில் ஓடலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

படி 1: கேமுக்கு லினக்ஸ் சர்வர் இருக்கிறதா?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்குக் கவலையே இல்லை. ஜாவா ஓடும் இடமெல்லாம் அதுவும் ஓடும். 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 வேண்டும், அவ்வளவுதான். பெட்ராக் பதிப்பின் அதிகாரப்பூர்வ சர்வர் விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் கிடைக்கிறது. வால்ஹைம், பால்வேர்ல்ட், ரஸ்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றுக்கு இரண்டு வகையும் உண்டு.

ஆர்க் என்ற கேம் விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய சர்வைவல் இவால்வ்டுக்கு லினக்ஸ் சர்வர் இருந்தது. புதிய சர்வைவல் அசெண்டடுக்கு விண்டோஸ் சர்வர் மட்டும்தான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற கருவி வழியாக அதை லினக்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் சர்வரிலேயே அந்த வேலை வேண்டாம், பேசாமல் விண்டோஸ் எடுங்கள்.

மாட் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) போடுவதாக இருந்தால் அவற்றையும் பாருங்கள். லினக்ஸ் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் கவனிக்காமல் பெயர் வைத்த மாட், லினக்ஸில் தன் கோப்பைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும்.

படி 2: ரேமும் பணமும்

டெஸ்க்டாப்புடன் கூடிய விண்டோஸ் சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. டெஸ்க்டாப் திரை இல்லாத உபுண்டுவோ டெபியனோ சில நூறு எம்பியில் அடங்கிவிடும். 4 ஜிபி விபிஎஸ்ஸில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பால்வேர்ல்ட் போல 16 ஜிபி கேட்கும் கேமுக்குப் பெரிய மெஷின் எடுத்தால் அவ்வளவாக உறைக்காது. ஆனால் விண்டோஸ் உரிமக் கட்டணம் பெரும்பாலும் மாத வாடகையில் சேர்ந்து வரும்.

வீட்டு விண்டோஸ் கணினியில் வார இறுதிக்கு மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் மாற்றவே வேண்டாம். தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தை மட்டும் ஆட்டத்துக்கு வெளியே தள்ளிவையுங்கள்.

படி 3: லினக்ஸ் என்றால் எது?

உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அல்லது டெபியன். இணையத்தில் உள்ள உதவிக் குறிப்புகளில் பெரும்பாலானவை இவற்றை வைத்தே எழுதப்பட்டவை; புதியவருக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. உபுண்டு 24.04க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு. எல்டிஎஸ் அல்லாத உபுண்டுவுக்கு 9 மாதம்தான், அதைத் தொடவேண்டாம்.

பழைய வழிகாட்டிகள் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸைச் சொல்லும். அதன் ஆயுள் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. ஆல்பைன் லினக்ஸ் சின்னதாக இருக்கிறதே என்று ஆசைப்படவும் வேண்டாம். அது முஸ்ல் என்ற நூலகத்தில் (நிரல்கள் ஓடச் சார்ந்திருக்கும் அடிப்படைத் தொகுப்பு) கட்டப்பட்டது. கேம் சர்வர்கள் பொதுவாக உபுண்டு, டெபியனில் உள்ள ஜிலிப்சி என்ற நூலகம் இருக்கும் என்று நம்பியே வருகின்றன.

அப்புறம் ஸ்டீம்சிஎம்டி. ஸ்டீம் கேம்களின் சர்வரை இறக்கித் தரும் இந்தக் கருவி இன்னமும் 32 பிட் நிரல். 64 பிட் உபுண்டுவில் அதற்கான 32 பிட் நூலகங்கள் இல்லாவிட்டால் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று பிழை வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்! குழம்பாதீர்கள். ஐ386 என்ற 32 பிட் தொகுப்பு வகையைச் சேர்த்து, 32 பிட் ஜிசிசி நூலகத்தை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 4: நிறுவியதும்

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் சர்வரை ஓட்டாதீர்கள். அதற்கென்று தனிப் பயனரை உருவாக்குங்கள். லினக்ஸில் பின்னணி நிரல்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாகப் பதிந்து வைத்தால், மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் கேம் தானாக எழும்.

பிறகு விளையாடுபவர்கள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்களான போர்ட்களை, டிசிபியா யூடிபியா என்ற இணைப்பு வகையுடன், ஃபயர்வாலில் (இணைப்புகளைத் தடுக்கும் காவல்) திறக்கவேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565 டிசிபி, பெட்ராக்குக்கு 19132 யூடிபி, வால்ஹைமுக்கு 2456, 2457 யூடிபி, பால்வேர்ல்டுக்கு 8211 யூடிபி. ஓஎஸ்ஸின் ஃபயர்வாலில் திறந்தும் யாராலும் சேரமுடியவில்லையா? வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் தளத்தில் இன்னொரு ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது விண்டோஸில் தொடங்கிப் பிறகு லினக்ஸுக்கு மாறவும் முடியும். மைன்கிராஃப்டில் வேர்ல்ட் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் போதும். வால்ஹைமில் ஒவ்வொரு உலகத்துக்கும் டிபி, எஃப்டபிள்யூஎல் என்று பெயர் முடியும் இரண்டு கோப்புகள் இருக்கும், இரண்டையும் சேர்த்தே எடுங்கள். லினக்ஸில் அவை போய்ச் சேரவேண்டிய இடம் புள்ளியில் பெயர் தொடங்கும் ஒரு மறைந்த ஃபோல்டருக்குள் இருப்பதால், சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது.