சாமான் அறையைக் காலி செய்ய

சாமான் அடைத்துக் கிடக்கும் அறையைப் படிக்கும் அறையாக மாற்ற வேண்டுமா? வேண்டுமா வேண்டாமா என்று இழுபறியாக இருப்பவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிடுங்கள். அடுத்த போகிவரை பிரிக்காத பெட்டியை அப்படியே கொடுத்துவிடலாம்.

ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே ‘எப்பவாவது உதவும்’ என்றுதான் தோன்றும். ஒரு வருஷமாக யாரும் தேடவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அறையும் இன்றைக்கே காலியாகிவிடும். தேதியைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள், மேல்மூடியில் எழுதினால் கீழிருந்து தெரியாது. அப்புறம், பித்தளை, செம்புப் பாத்திரங்களை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பழைய இரும்புக் கடையில் இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும்.

பத்திரம், சான்றிதழ், நகை ரசீது இவற்றுக்கெல்லாம் இந்த வழி ஆகாது. பழைய செல்போன், பேட்டரியையும் மூடி வைக்காதீர்கள். வெயில் காலத்தில் பரண் சூட்டில் பேட்டரி உப்பிவிடும். கறையான் தொல்லை உள்ள வீடென்றால் அட்டைக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான் சரி.