சர்வீஸ் போடும் முன் உங்களிடம் நீங்களே என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்?

பேட்மின்டன் மேட்ச், மூன்றாவது கேம், 19-19. சர்வீஸ் என் கையில். "நெட்ல போட்டுடாத" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நெட்டில் போட்டேன். அடுத்த ரேலியும் போனது, மேட்ச் முடிந்தது. பார்ட்னர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில்கூட அதைப் பற்றிப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அதே பேக்ஹேண்ட் ஷார்ட் சர்வீஸ் பயிற்சியில் 20க்கு 17, 18 சரியாக விழும். ஆக, கோளாறு கையில் இல்லை. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. செய்ததை வரிசையாக எழுதுகிறேன். சர்வீஸ் எப்படிப் போடுவது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதுவே இன்னும் கைக்கு வராதவர்கள் முதலில் கோச்சைப் பாருங்கள்.

1. முதலில் எண்ணுங்கள்

ஷார்ட்ஸின் இடது பாக்கெட்டில் 30 புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ரேலி முடிந்ததும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். விளையாட்டு உளவியலில் இதற்குப் பேப்பர் கிளிப் சொல்வார்கள். அது தொடையில் குத்தும், புளியங்கொட்டைதான் சரி. நான் எண்ணிய முதல் நாள், இரண்டாவது கேம் முடிவதற்குள் இடது பாக்கெட் காலி.

வீட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாயில் வந்தபடியே எழுத வேண்டும். "எரும, எங்க பாக்கற", "வயசாயிடுச்சு, விட்டுட்டுப் போ" என்றெல்லாம்தான் என் பட்டியலில் இருந்தது. தினமும் காலையில் பொன்மொழி அனுப்பும் ஆப் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் எடுத்துவிட்டேன். யாரோ எழுதிய வாசகம் என் சர்வீஸுக்கு என்ன செய்யும்? பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்.

2. மாற்றி எழுதுங்கள் (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். திட்டுக்குப் பதில் புகழ்ச்சி. "நான் அருமையாகச் சர்வீஸ் போடுகிறேன்" என்று கண்ணாடி முன் சொன்னேன். உள்ளே இருக்கும் ஆள் உடனே "பொய்" என்றான். இது என் ஒருவனுடைய கோணல் இல்லை. 2009இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் தங்களைப் பற்றிய நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்துபோனார்கள். 19-19இல் என் தன்மதிப்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, "நெட்ல போடாத". இது திட்டு இல்லையே, அறிவுரைதானே என்று நினைத்து நோட்டில் விட்டுவைத்திருந்தேன். மூன்று மாதத்தில் ஒரு மாதத்தைத் தின்றது இந்த வார்த்தைதான். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்றால் குரங்கு மட்டும்தான் வரும், நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுதான். அமெரிக்காவில் உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது.

தமிழில் இது இன்னும் மோசம் என்பது என் சொந்த ஊகம். "நெட்ல போடாத" என்பதைப் பிரித்துப் பாருங்கள். நெட் முதலில் வருகிறது, போடு அடுத்து வருகிறது. வேண்டாம் என்கிற சேதி கடைசியில் ஒரு ஒட்டாக வந்து சேர்கிறது. அதற்குள் கை கிளம்பிவிடுகிறது.

சரி, மறுப்பை எடுத்துவிட்டு நேராகச் சொல்வோம் என்று அடுத்த வாக்கியத்தை எழுதினேன்: முழங்கையை உயர்த்து, ஷட்டில் விதிப்படி 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கட்டும், மணிக்கட்டை இறுக்கு, நெட்டின் மேல் டேப்பைப் பார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் பொறுமை இழந்து கையைத் தூக்கிவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்: "தள்ளு". பேக்ஹேண்ட் சர்வீஸ் அடி இல்லை, தள்ளல். பதற்றத்தில் நான் அதை அடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் சொல் வேறாக இருக்கும். கை அந்த நொடியில் செய்ய வேண்டிய ஒரு வினை, இரண்டு சொல்லுக்கு மேல் போகாமல், "போடாதே"யில் வரும் அந்த "ஆதே" இல்லாமல். இவ்வளவுதான் விதி.

2011இல் கிரேக்க ஆய்வாளர்கள் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நுணுக்கமான அசைவு வேண்டிய வேலைகளில், ஊக்கம் தரும் பேச்சைவிட, எப்படிச் செய்வது என்று சொல்லும் பேச்சே அதிகம் உதவியது. "வா வா, முடியும்" என்று கத்துவதை ஸ்மாஷ் ரேலிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு வேண்டாம்.

3. 'நான்' வேண்டாம், 'நீ' போதும்

"நான் தள்ளணும்" என்பதைவிட "தள்ளுடா" எனக்கு வேலை செய்கிறது. பக்கத்தில் நிற்கும் அண்ணன் சொல்வதுபோல. 2012 அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் இறுதியில் ஜோகோவிச்சிடம் இரண்டு செட் முன்னிலையை இழந்த ஆண்டி மர்ரே, ஐந்தாவது செட்டுக்கு முன் கழிப்பறைக் கண்ணாடியைப் பார்த்து, "நீ இந்த மேட்சைத் தோற்கப்போவதில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதாகப் பின்னர் கூறினார். அந்த செட் 6-2, கோப்பை அவருக்கு. (அதில் மறுப்பு இருக்கிறதே என்பீர்கள். அவர் சர்வீஸ் போடும் நொடியில் சொல்லவில்லை, உட்கார்ந்து எழுந்து வரும் இடைவேளையில் சொன்னார். அப்படித்தான் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.)

4. எப்போது சொல்வது

ரேக்கெட்டை முன்னே கொண்டுவந்த பிறகு மூச்சை வெளியே விட்டு, சொல், சர்வீஸ். ஒவ்வொரு முறையும் இதே வரிசை. மேட்சில் தொடங்காதீர்கள். இரண்டு வாரம், தினம் 20 பயிற்சி சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். கிரிப் மேல் கறுப்பு மார்க்கரால் எழுதியும் வைத்தேன், வியர்வையில் ஒரு வாரத்தில் அழிந்துவிட்டது. அதற்குள் பழகியிருந்தது.

பின்சேர்க்கை 1: ஓட்டத்துக்கு இது ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். அங்கே கணக்கு வேறு, ஊக்கப் பேச்சே உதவும். 2014இல் வெளியான ஆய்வில் 24 பேரைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். இரண்டு வாரம் சுயபேச்சு பழகிய குழு, முன்பைவிட ஏறக்குறைய 18 சதவீதம் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. "இன்னும் இருக்கு" போல ஒன்றைக் கடைசி கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: 'டா', 'டி' போட்டால் திட்டு வாங்குவதுபோல இருக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் பாட்டி கூப்பிடுவதுபோல "தள்ளு சாமி" என்று மாற்றிக்கொண்டாராம். எங்கள் கோவைப் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. உங்களிடம் யார் பேசினால் தோள் இறங்குமோ, அவர் குரலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: டபுள்ஸ் ஆடுபவர்கள் சத்தமாகச் சொல்லாதீர்கள். போன வாரம் நான் "தள்ளு" என்றதும், பின்னால் நின்ற பார்ட்னர் இரண்டடி தள்ளிப்போய்விட்டார். சர்வீஸ் அழகாகத்தான் விழுந்தது. திரும்பி வந்த ஷட்டில் அவர் நின்றிருந்த இடத்தில் விழுந்தது.