மேரியன் தீவில் கூடும் எலியும்: அன்றாடக் கணக்கெடுப்புக்கு ஒரு வழிகாட்டி

கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள மேரியன் தீவில் ஓராண்டு தங்கி ஆய்வுசெய்ய விரும்பும் டர்பன் பகுதித் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக் கப்பல்களோடு அங்கு வந்திறங்கிய சுண்டெலிகள் பேரலைந்தி அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்பது 2003-இல் பதிவானது; 2023-இல் வளர்ந்த பறவைகளும் அவற்றுக்கு இரையாயின. ஆகவே கூட்டையும் எலியையும் சேர்த்தே கணக்கெடுக்க வேண்டும்.

கூட்டைப் பறவையின் பின்புறமாக அணுகாதீர்கள். அது உங்களைப் பார்க்கும்படி, குனிந்து, மெல்ல நடந்து செல்லுங்கள். கால்வளையத்தின் எண்ணைத் தொலைநோக்கியாலேயே படிக்க முடிந்தால் அதற்குமேல் நெருங்கத் தேவையில்லை. பறவை அலகைத் தட்டி ஒலியெழுப்பினால் உடனே பின்வாங்குங்கள். ஏனெனில் ஓர் இணை ஒரு பருவத்தில் இடுவது ஒரே முட்டை, அதை இரண்டும் மாறிமாறி ஏறத்தாழ 11 வாரம் அடைகாக்கின்றன, அடைகாக்கும் பறவை எழுந்த ஒரு கணத்தில் ஸ்குவா என்னும் கொள்ளைக் கடற்பறவை முட்டையைக் கவர்ந்து சென்றுவிடும். குஞ்சு பொரித்தபின், எலிகள் பெரும்பாலும் இரவில் கடிப்பதால், காலையில் தலை, பிடரி, பின்முதுகு ஆகியவற்றில் இரத்தக்கறை உண்டா என்று பாருங்கள்.

எலிகளை உயிருடன் பிடிக்கும் கூண்டுகளை மாலையில் வைத்து விடியற்காலையில் திறக்க வேண்டும். நிலக்கடலை வெண்ணெயில் பிசைந்த ஓட்ஸ் போதும். உலர்ந்த பஞ்சும் வையுங்கள், இல்லையெனில் குளிரில் எலி இறந்துவிடும். பிடிபட்ட எலியை ஒரு பையிலிட்டு எடைபோட்டு, பையின் எடையைக் கழித்து எழுதுங்கள்.

குறிப்பேடுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. மழையில் மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதுங்கள். “பார்த்தேன், மாற்றமில்லை” என்பதும் “காற்று கடுமை, போகவில்லை” என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டுக்கும் வெற்றிடம் விட்டுவிட்டால், ஒரு குஞ்சு எந்த இரவில் கடிபட்டது என்பதை எவராலும் பின்னர் கண்டறிய முடியாது.

இந்தப் பழக்கம் கப்பல் ஏறுமுன்பே கைவர வேண்டும். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உங்கள் வீட்டுக் கூரையிடுக்கில் மைனா கூடு கட்டியிருந்தால் (அதுவும் இந்தியாவிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்ட பறவைதான்), ஒரு மாதம் தினமும் ஒரே நேரத்தில், கூட்டைத் தொடாமல், எட்ட நின்று பார்த்து எழுதிப் பழகுங்கள்.