ஒரே சர்வரில் பல யூசர்களின் பெயரில் ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே லினக்ஸ் சர்வரில் இணையதளம் ஒரு யூசரின் பெயரில் ஓடும், பேக்கப் இன்னொரு யூசரின் பெயரில் ஓடும், அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு மூன்றாவதாக ஒரு யூசர் இருக்கும். இப்படிப் பிரித்து வைப்பது நல்ல பழக்கம். ஒன்றில் யாராவது புகுந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஆனால் பிரித்த பிறகு வரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஸ்கிரிப்ட்டைச் சோதிப்பது ஒரு யூசர், தினமும் ஓட்டப்போவது வேறொரு யூசர்.

அடிக்கடி நடக்கிற ஒன்றைப் பாருங்கள். லாராவெல் என்ற பிஹெச்பி கட்டமைப்பில் எழுதிய ஒரு தளம், உபுண்டுவில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசரின் பெயரில் ஓடுகிறது. ராத்திரி வேலை ஒழுங்காக ஓடுமா என்று பார்க்க, அட்மின் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, நுழைந்து அதைக் கையால் ஒருமுறை ஓட்டுகிறார். பிழை எதுவும் வரவில்லை, திருப்தியாக வெளியேறுகிறார். அன்றைய பதிவுக் கோப்பு அதுவரை உருவாகியிருக்கவில்லை. அவர் ஓட்டியபோதுதான் உருவானது, அதுவும் ரூட்டுக்குச் சொந்தமாக. புதுக் கோப்பின் அனுமதியை முடிவுசெய்யும் உமாஸ்க் வழக்கமான 022 என்றால் மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படிக்கலாம், எழுத முடியாது. சற்று நேரத்தில் தளம் அதே கோப்பில் ஒரு வரி எழுதப் போகிறது, 'பெர்மிஷன் டினைட்' என்று திரும்புகிறது. தளத்துக்கு வந்தவர்களுக்கு 500 பிழைப் பக்கம். யாரும் ஒரு வரி நிரலைக்கூட மாற்றவில்லை என்பதால் காரணம் பிடிபடவே நேரமாகும்.

அடுத்து நடப்பதுதான் பெரிய தவறு. பதற்றத்தில் அந்த ஃபோல்டருக்கும் உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தே 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்துவிடுகிறார்கள். தளம் எழுந்துவிடும். ஆனால் யூசர்களைப் பிரித்ததன் பயன் அந்த ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த நிமிடமே போய்விட்டது. கோப்பின் உரிமையை உரிய யூசருக்கு மாற்றினால் போதும், சௌன் கட்டளை அதற்காகத்தான் இருக்கிறது. அதன்பின் எந்தச் சோதனையையும் வேறொரு யூசராகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவின் 'யூ' தேர்வைப் பயன்படுத்தி, வேலையை ஓட்டப்போகும் யூசராகவே செய்யுங்கள். கூடவே 'ஹெச்' (பெரிய எழுத்து) தேர்வையும் சேர்த்துவிடுங்கள். பழைய உபுண்டு பதிப்புகளில் அது இல்லாவிட்டால் ஹோம் ஃபோல்டராக உங்களுடையதே நிற்கும், அமைப்புக் கோப்புகள் தவறான வீட்டில் போய் விழும். நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ரூட்டின் ஹோமில் நின்றுகொண்டு வேறொரு யூசராக ஓட்டினால், அந்த யூசருக்கு அந்த ஃபோல்டரைப் பார்க்கவே உரிமை இருக்காது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானோ வேலையை அந்த யூசரின் ஹோமிலிருந்துதான் தொடங்கும்.

சரி, யூசர் சரியாக இருக்கிறார். அப்போதும் கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்றால் சூழலைப் பாருங்கள். டெபியன், உபுண்டுவின் கிரான்டேப்பில், அதாவது கிரானுக்கான வேலைப் பட்டியலில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கட்டளைகளைத் தேடும் பாதையில் இரண்டே இரண்டு ஃபோல்டர்கள்தான் (யூஎஸ்ஆர்-பின், பின்) இருக்கும். யூஎஸ்ஆர்-லோக்கல் ஃபோல்டருக்குள் நிறுவிய நிரல் அதன் கண்ணில் படாது. பேஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பேஷ்ஆர்சியில் எழுதிவைத்த எதையும் அது படிப்பதில்லை. ஷெல்லும் பேஷ் அல்ல, வெறும் எஸ்ஹெச். கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கும் வரிகள் பாதியில் அறுந்துபோவது இதனால்தான். சதவீதக் குறிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள், இல்லையென்றால் அந்த வேலையை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கிரான்டேப் வரி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி.

கிரான்டேப்பில் இரண்டு வகை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. யூசருக்கென்று தனியாக இருப்பதில் நேரத்துக்கு ஐந்து கட்டங்கள், அப்புறம் நேராகக் கட்டளை. இடிசி ஃபோல்டரில் உள்ள பொதுக் கிரான்டேப்பிலும் கிரான்-டி ஃபோல்டரின் கோப்புகளிலும் ஆறாவதாக யூசர் பெயர் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரியை நகலெடுத்தால், யூசர் பெயரையே கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்க்கும், அல்லது கட்டளையின் முதல் சொல்லை யூசராக எண்ணிக்கொள்ளும். டெபியன் வகையில் கிரான்-டி கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் அந்தக் கோப்பை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். அப்புறம், கிரான்டேப்பைத் திருத்த 'ஈ', அழிக்க 'ஆர்'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள், வழக்கமாக அழிக்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்காது. ரூட்டாக இருந்து பிற யூசர்களின் கிரான்டேப்பைக் கையாள்பவர்கள் முதலில் 'எல்' தேர்வால் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுத் தொடவேண்டும்.

ஒரே வேலை இரண்டு முறை ஓடாமலிருக்கப் பூட்டுக் கோப்பு வைப்போம். அதைப் பலரும் டெம்ப் ஃபோல்டரில் வைக்கிறார்கள். இரண்டு யூசர்களின் ஸ்கிரிப்ட்டுகள் ஒரே பெயரைப் பயன்படுத்தினால், முதலில் வந்தவர் உருவாக்கிய கோப்பை அடுத்தவரால் எழுதுவதற்குத் திறக்க முடியாது. ரூட்டாக ஓட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தால் அங்கேயும் அதே 'பெர்மிஷன் டினைட்' வந்து திகைக்க வைக்கும். 2018-இல் வெளியான லினக்ஸ் 4.19 கர்னலில் சேர்ந்த ஒரு பாதுகாப்பு இது. எல்லோரும் எழுதக்கூடிய டெம்ப் போன்ற ஃபோல்டர்களில், வேறொருவர் வைத்துப்போன கோப்பை 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற முறையில் திறக்க ரூட்டுக்கும் விடாது. இன்றைய பல டிஸ்ட்ரிபியூஷன்களில் இது இயல்பாகவே இயங்குகிறது, அணைக்க வேண்டியதில்லை. பூட்டுக் கோப்பை அந்தந்த யூசருக்குச் சொந்தமான ஃபோல்டரில் வையுங்கள். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாக ஓட்டினால் ரன்டைம் டைரக்டரி என்று ஒரு வரி எழுதினால் போதும், சரியான உரிமையோடு அதுவே ஃபோல்டரை உருவாக்கிக் கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னவை வேலையைக் கெடுப்பவை. சர்வரையே பறிகொடுக்க வைப்பது ஒன்று உண்டு: ரூட்டின் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட்டைச் சாதாரண யூசர் திருத்த முடியும் நிலையில் வைப்பது. அந்தக் கணக்கைக் கைப்பற்றுபவர் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும், அடுத்த சுற்றில் ரூட்டே அதை ஓட்டிக்கொடுக்கும். கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. கோப்பு ரூட்டுடையதாக இருந்தாலும், அது இருக்கும் ஃபோல்டர் அந்த யூசருடையது என்றால் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை வைக்கலாம். எனவே ரூட் ஓட்டும் எதுவும் யாருடைய ஹோம் ஃபோல்டரிலும் இருக்கக்கூடாது. சூடோவில் யார் எதை ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் கடவுச்சொல் இல்லாமல் எல்லாக் கட்டளைகளுக்கும் அனுமதி கொடுப்பதும் இதே ஆபத்துதான். தேவையான ஒரே ஒரு கட்டளையை முழுப் பாதையோடு எழுதுங்கள். அதன் பின்னால் நட்சத்திரக் குறி போடாதீர்கள், அது இடைவெளியையும் ஏற்கும், யார் என்ன வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

டேட்டாபேஸ் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை போட்டால், சாதாரண அமைப்பில் எல்லா யூசர்களும் எல்லோருடைய கட்டளை வரிகளையும் பார்க்கலாம். உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிற 600 அனுமதி உள்ள ஒரு கோப்பில் வைத்து அங்கிருந்து படிக்கச் செய்யுங்கள்.

கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கடவுச்சொல் 90 நாளில் காலாவதியாகும் என்று விதி போட்ட இடங்களில், மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள். ஸ்கிரிப்ட்டுக்கான யூசருக்கு யார் மாற்றுவது? காலாவதியான கணக்கின் கிரான் வேலையை, கணக்குகளைச் சரிபார்க்கும் பாம் அமைப்பு தடுத்துவிடும், பேக்கப் நின்றுபோகும். அந்தச் செய்தி சிஸ்டத்தின் பதிவில் மட்டும் கிடக்கும். இத்தகைய கணக்குகளுக்குக் கடவுச்சொல் வழி நுழைவே வேண்டாம், லாகின் ஷெல்லும் வேண்டாம், சேஜ் கட்டளையால் காலாவதியையும் எடுத்துவிடுங்கள். கிரான் தன் வெளியீட்டை அந்த யூசருக்கே மெயிலாக அனுப்பும் என்பதால், மெயில்டு வரியில் ஒரு மனிதரின் முகவரி இருக்கட்டும். சர்வரில் மெயில் அனுப்பும் நிரல் நிறுவியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வெளியீடு தூக்கியெறியப்படும்.

சிஸ்டம்டியின் யூசர் டைமர்களை நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த யூசரின் கடைசி லாகின் முடிந்ததும் டைமரும் நின்றுவிடும். லாகின் இல்லாதபோதும் யூசரின் வேலைகளை ஓடவிடும் லிங்கர் என்ற அமைப்பை லாகின்சிடிஎல் மூலம் இயக்கிவையுங்கள். சர்வருக்கு நான் பரிந்துரைப்பது, பொதுவான சர்வீஸ் கோப்பில் யூசர் வரியைக் குறிப்பிடுவதைத்தான். எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

வேலை முடிந்து ஒரு யூசரை நீக்கும்போது அவர் கிரான்டேப்பையும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களையும் முதலில் நிறுத்துங்கள். லினக்ஸ் கோப்பின் உரிமையை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, பெயராக அல்ல. நீக்கப்பட்டவரின் எண் அடுத்து வருபவருக்குப் போனால், பழைய ஸ்கிரிப்ட்டுகளும் ரகசியச் சாவிகளும் அவருடையதாகிவிடும். ஃபைண்ட் கட்டளையின் நோயூசர் தேர்வு சொந்தக்காரர் இல்லாத கோப்புகளைக் காட்டும். புது யூசரை உருவாக்குவதற்கு முன்பே அதை ஓட்டிப் பாருங்கள், உருவாக்கிய பிறகு அந்தப் பட்டியல் காலியாகவே வரக்கூடும்.