தீபாவளிக்குப் பாவாடை சட்டை: தையல் பழகும் குழு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுப்பது எப்படி?

மதுரை வில்லாபுரத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஒன்பது பேர் கூடித் தைக்கிறோம். யாரும் தொழிலுக்குத் தைப்பவர்கள் இல்லை. துணியைத் தொட்டுப் பார்ப்பதும் மிஷின் ஓடுகிற சத்தமும் பிடித்துப்போய் வந்தவர்கள். தலையணை உறை, நைட்டி என்று தைத்துக்கொண்டிருந்தவர்கள், தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தைக்கத் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

ரெடிமேட் வாங்கிக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே என்று கேட்பார்கள். முடிந்துவிடும்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் யாரோ போட்டுக் கழித்த சட்டையைத் தொளதொளவென்றோ இறுக்கியோ போட்டு வளர்கிறவர்கள். தன் தோளில் டேப் வைத்து அளந்து, தனக்கென்றே தைத்த உடுப்பு அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. தைக்கத் தெரிந்தவர்கள் கொடுக்கக்கூடியது அந்தச் சரியான அளவுதான்.

ஆடியிலேயே தொடங்குங்கள்

ஆடி மாதம் தொடங்கினால் தீபாவளிக்கு மூன்று மாதம் கையில் இருக்கும். பழகும் கைக்கு ஒரு பாவாடையும் சட்டையும் முடிய இரண்டு ஞாயிறு ஆகும். நடுவில் வீட்டு விசேஷம், காய்ச்சல், மிஷின் ரிப்பேர் எல்லாம் வரும். முதல் வருஷம் 15 பிள்ளைகளுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆடித் தள்ளுபடியில் துணி எடுப்பதும் லாபம். ஐப்பசியில் துணிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது.

எந்த வீடு என்று கேட்டறிதல்

அறிவிப்பு ஒட்டாதீர்கள். அங்கன்வாடி டீச்சருக்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் எந்த வீட்டில் இந்த வருஷம் கை இறுக்கம் என்று தெரியும். அவர்கள் முதலில் அம்மாவிடம் தனியாகக் கேட்கட்டும். சம்மதம் வந்தபின் நீங்கள் போங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கிறிஸ்தவ வீடுகளுக்குக் கிறிஸ்மஸுக்கும், முஸ்லிம் வீடுகளுக்கு ரம்ஜானுக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் கணக்கு.

அளவு எடுப்பது

முதல் வருஷம் நாங்கள் வயதை மட்டும் எழுதி வாங்கி வெட்டிவிட்டோம். கொடுத்த இடத்திலேயே ஒரு ஏழு வயதுப் பெண்ணுக்குச் சட்டை தலைக்கு மேல் இறங்கவில்லை. அவள் கையைத் தூக்கியபடி நின்றதும், அவள் அம்மா "பரவால்லக்கா, தங்கச்சிக்குப் போட்டுக்கிறேன்" என்று அவசரமாகச் சொன்னதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து வீட்டுக்குப் போய் டேப் வைக்காமல் கத்தரியை எடுப்பதில்லை.

போகும்போது டேப், நோட்டு, நான்கைந்து நிறத்தில் துணித் துண்டுகள் எடுத்துப் போங்கள். நிறத்தைப் பிள்ளையே தொட்டுச் சொல்லட்டும். அளவை அம்மா அல்லது பாட்டி பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள். டேப்பை அவர்களையே சுற்றிப் பிடிக்கச் சொன்னால் பிள்ளை கூச்சப்படாது. குறிக்க வேண்டியவை: தோள் அகலம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, சட்டை நீளம், கை நீளம், கையின் சுற்று, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம். தலைச் சுற்றையும் எழுதுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. கழுத்துத் திறப்பு அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

துணி

எங்களுக்குப் பிடித்தது புள்ளி போட்ட சுங்குடித் துணி. பருத்தி, மெல்லியது, ஐப்பசிப் புழுக்கத்திலும் உடம்பில் ஒட்டாது. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய அசல் கைக்கட்டுப் புள்ளி விலை அதிகம். அச்சுப் புள்ளியே போதும்.

கடைக்காரர் பாவாடைத் துணி என்று தனியாகக் காட்டுவார். நாங்கள் சேலையாகவே எடுக்கிறோம். சுமார் 45 இஞ்ச் அகலமும் 5½ மீட்டர் நீளமும் உள்ள ஒரு சேலையில், ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவருக்குப் பாவாடையும் சட்டையும் வந்துவிடும். எப்படி என்று கீழே சொல்கிறேன். நூல், லேஸ், ஊக்குக்குக் குன்னத்தூர் சத்திரம் போங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்த டெய்லர்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்டால் சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.

வெட்டும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். பருத்தி சுருங்கும், தைத்தபின் சுருங்கினால் எடுத்த அளவெல்லாம் வீண். சிவப்பு, நீலம் இரண்டும் முதல் தண்ணீரில் சாயம் விடும், அதனால் ஒவ்வொன்றையும் தனி வாளியில் போடுங்கள். நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் வெட்டுவது சுலபம்.

பாவாடை

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 22 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். மேல் தையலுக்கு ½ இஞ்ச், டக் (பின்னால் பிரித்து நீளமாக்கும் மடிப்பு) பிடிக்க 4 இஞ்ச், கூட ½ இஞ்ச். ஆக 27 இஞ்ச். சேலை பார்டர் பிள்ளையின் காலடியில் வர வேண்டும் என்பதால், பார்டர் ஓரத்திலிருந்து மேல் நோக்கி 27 இஞ்ச் அளந்து, சேலையின் நீளவாக்கில் 88 இஞ்சுக்கு வெட்டுங்கள். அந்த 88 இஞ்சுதான் பாவாடையின் சுற்று. மேலே மிச்சமாகும் 18 இஞ்ச் பட்டையில் மறு பார்டர் இருக்கும். சட்டை அதில் வரும், பார்டரைக் கையின் ஓரத்துக்கு வையுங்கள். இதேபோல் இன்னொரு 88 இஞ்ச். மீதி ஒரு மீட்டர், முந்திப் பக்கம். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

டக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த உடுப்பின் உயிரே அதுதான். பார்டருக்குச் சற்று மேலே, உள்பக்கமாக 1 இஞ்ச் ஆழத்தில் ஒரு மடிப்பு தைத்தால் 2 இஞ்ச் துணி உள்ளே போகும். அதற்கு மேல் இன்னொன்று. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். நம் வீட்டுப் பட்டுப் பாவாடைகளுக்குப் பாட்டிகள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை இது. பிரிக்கச் சுலபமாக இருக்க, மிஷினின் தையல் நீளத்தை மற்றத் தையலுக்கு 2½-இல் வைத்தால் டக்குக்கு மட்டும் 4-இல் வையுங்கள். சட்டையின் பக்கத் தையலிலும் உள்ளே 1 இஞ்ச் துணி விடுங்கள்.

மேல் ஓரத்தில் நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூலை (அடி நூலை) மட்டும் இழுத்தால் சுருக்கம் விழும். நாடா வைத்த பாவாடை ஓடியாடும் பிள்ளைக்கு நழுவும். வெள்ளை லைனிங் துணியில் கையில்லாத பாடி தைத்து, அதில் சுருக்கத்தை இணையுங்கள். பாடிக்கு மார்புச் சுற்றோடு 3 இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பிரஸ் பட்டன் வையுங்கள். ஊசிப் பின் குத்திக் கொடுப்பது கூடவே கூடாது.

பையன்கள்

இரண்டாவது வருஷம் ஒரு பையன் அக்காவின் பாவாடையைப் பார்த்துவிட்டு "எனக்கு?" என்று கேட்டான். பதில் இல்லை. பழகும் கைக்குக் காலர் சட்டை கடினம், காஜா (பட்டன் துளை) அதைவிடக் கடினம். அதனால் எலாஸ்டிக் வைத்த அரைக்கால் டவுசரும் காலர் இல்லாத குர்தாவும் தைக்கிறோம். அளவு எடுத்து, நிறம் கேட்டு, அதே முறைதான்.

போட்டுப் பார்த்தல், கொடுத்தல்

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அக்குள் இறுகுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பார்த்துத் திருத்த ஒரு ஞாயிறு கிடைக்கும். கடைசியாக நூல் பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, அந்த முந்தித் துணியில் தைத்த பையில் வையுங்கள். கூடவே சின்ன பாட்டில் நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொட்டலம், புதுத்துணியின் ஓரத்தில் தடவ ஒரு மஞ்சள் கிழங்கு.

மேடை வேண்டாம், வரிசை வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்கள் படம் கேட்டால் துணிப் படத்தையும் செலவுக் கணக்கையும் அனுப்புங்கள். அதற்கு மனம் வராதவரின் பணம் இல்லாமலே தைக்கலாம். டெய்லர் தைத்த துணியைக் கொடுக்க வருவதுபோல் ஒருவர் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். போன வருஷம் பூக்கட்டும் அம்மா ஒருவர் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தையக் கூலி எம்புட்டுக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. கிளம்பும்போது ஒரு முழம் மல்லிகையை என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். இப்படி ஏதாவது கொடுத்தால் நீங்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம்

அளவு நோட்டைப் பத்திரமாக வையுங்கள். பழைய பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தால் எடுத்து வரச் சொல்லி, மேல் டக்கை மட்டும் பிரியுங்கள். தையலை நான்கு இஞ்சுக்கு ஒரு இடத்தில் வெட்டிவிட்டு மறுபக்க நூலை இழுத்தால் துணி கிழியாமல் வரும். மடிப்பு இருந்த இடத்தில் கோடு தெரியும். ஈரத் துணி போட்டு இஸ்திரி தேயுங்கள், அப்படியும் போகாவிட்டால் கோட்டின் மேலே ஒரு வரிசை லேஸ் வைத்துத் தைத்துவிடுங்கள். எந்த நிற லேஸ் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.