வீட்டில் பீர்: முதல் பாத்திரத்திலிருந்து ஓக் பீப்பாய் வரை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது பீப்பாயைப் பற்றித்தான். ஓக் பீப்பாய் அழகானது, ஆனால் அது கடைசியில் வரவேண்டிய பொருள். பீரை உண்டாக்குவது ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர். நம் வேலை சுத்தம், சரியான வெப்பநிலை, காத்திருப்பு, அவ்வளவுதான். இந்த மூன்றும் கைவந்தபின் பீப்பாய் வாங்குங்கள். வீட்டில் பீர் காய்ச்ச எல்லா இடத்திலும் அனுமதி இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

வேண்டியவை

10 லிட்டர் அளவில் தொடங்கலாம். 15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், அதே அளவில் மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி (உணவுக்கு ஏற்றது), ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), சைஃபன் குழாய் (பீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க), தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவி). ஹைட்ரோமீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் நொதித்தல் முடிந்ததா என்று சொல்லவே முடியாது.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனையுங்கள். குளோரின் கலந்த பிளீச்சைத் தவிருங்கள். துளி மிஞ்சினாலும் பீரில் மருந்து வாடை ஏறும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். பீரைக் கெடுத்தது உள்ளே புகுந்த காட்டு ஈஸ்ட் என்பது அதனால்தான் தெளிவானது. உங்கள் வாளியிலும் அதே ஆபத்து இருக்கிறது.

காய்ச்சுதல்

12 லிட்டர் தண்ணீரைச் சுடவைத்து, அடுப்பை அணைத்து, 1.3 கிலோ உலர்ந்த மால்ட் சாரத்தை (முளைகட்டிய தானியத்தின் சர்க்கரைச் சத்துப் பொடி) கட்டியில்லாமல் கரையுங்கள். மறுபடி கொதிக்கும்போது பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். கசப்புக்கு 15 கிராம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். வாசனைக்கு இன்னொரு 10 கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில். பிறகு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி, 20 டிகிரி செல்சியஸுக்கு வேகமாக ஆறவையுங்கள். வாளிக்கு மாற்றி, ஹைட்ரோமீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு ஈஸ்ட்டைத் தூவுங்கள்.

நொதித்தல்

ஏல் என்னும், அறை வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகையின் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை நல்லது. நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளிவிடும், அதனால் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு ஏறினால் வார்னிஷ் போன்ற நெடி வரும், அதை எதுவும் திருத்தாது. வாளியை ஈரத்துணியால் சுற்றிவைத்தாலே நல்ல பலன் உண்டு.

ஒரு வாரத்தில் ஏர்லாக்கில் குமிழி அடங்கும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டிய இடம் இதுதான். குமிழி நின்றதை நம்பி பாட்டிலில் அடைக்காதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மிச்சச் சர்க்கரையோடு அடைத்த பாட்டில் வெடிக்கும், கண்ணாடி சிதறும். ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.012 காட்டினால் வித்தியாசம் 0.038. அதை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம்.

பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துச் சேருங்கள். அறை வெப்பத்தில் இரண்டு வாரத்தில் வாயு பிடித்துவிடும்.

பீப்பாய்

பீப்பாய்க்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் உள்ள கறுப்பு ஸ்டௌட் போன்ற கனமான பீர் வேண்டும். மென்மையான பீரை மரம் விழுங்கிவிடும். நொதித்தல் வாளியிலேயே முடியட்டும், பீப்பாய் ஊறவைக்க மட்டுமே.

காய்ந்த பீப்பாய் ஒழுகும். வெந்நீர் நிரப்பி ஓரிரு நாள் வைத்தால் பலகைகள் உப்பி இடுக்கு மூடும். ஓக்கிலிருந்து வனிலாவும் தேங்காயும் போன்ற மணம் இறங்கும். போர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் முதிர்விக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் பழைய பீப்பாய்கள் பீர் காய்ச்சுகிறவர்களிடம் வந்து சேர்கின்றன.

200 லிட்டர் பீப்பாயின் கணக்கைச் சிறியதற்குப் போடாதீர்கள். 5 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் மரம் படும் பரப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். பெரியதில் மாதக்கணக்கில் நடப்பது இதில் சில வாரங்களில் முடியும். வாரம் ஒருமுறை ருசி பாருங்கள். மரச்சுவை நீங்கள் விரும்பும் அளவைச் சற்றே தாண்டியதும் எடுத்துவிடுங்கள், பாட்டிலில் அது தணியும்.

என் முதல் பீப்பாய் காடியாகிப் போனது. மரத்தின் வழியே பீர் ஆவியாகி மேலே காற்று சேர்ந்ததை நான் கவனிக்கவில்லை. அசிட்டிக் பாக்டீரியாவுக்கு அந்தக் காற்றே போதும். இப்போது 10 லிட்டரில் பாதியைப் பாட்டில்களில் தனியே வைத்து, குறையக் குறைய நிரப்புகிறேன்.

காலியான பீப்பாயைக் காயவிடாமல், அடுத்த பீரை அன்றே ஊற்றத் தயாராக வையுங்கள். மூன்றாம் முறைக்குமேல் மரச்சுவை மிகவும் குறையும். பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட் பலகைக்குள் புகுந்துவிட்டால் எந்தக் கிருமிநாசினியும் அதை முழுதாக எட்டாது. அந்தப் பீப்பாயைப் புளிப்பு பீருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.