மாடியில் புறா, வீட்டில் கன்டாக்: குட்டியைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

எட்டு மாத லேப்ரடார். செருப்பு, ரிமோட், கொடியில் காயும் துணி என்று எது கிடைத்தாலும் கவ்விக்கொண்டு ஓடுகிறது. பிடுங்கப் போனால் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறது. ராயபுரத்திலிருந்து மாதவரம் வரை லேப் வளர்ப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. நாய்மேல் தப்பில்லை. சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்வி, பல் அழுந்தாமல் கொண்டுவந்து கையில் கொடுப்பதற்காகவே உருவாக்கப்பட்ட கன்டாக், அதாவது துப்பாக்கி வேட்டைக்குத் துணைபோகும் நாய் இனம் அது. அந்த வேலையை நாம் கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

நம் ஊரில் வேட்டைக்கு இடமில்லை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் சுடுவது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது எல்லாம் அடங்கும். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து நாயை அவிழ்த்துவிட்டு வீடியோ எடுப்பது விளையாட்டு இல்லை, வழக்கு. ஆனால் தேடுவது, நிற்பது, கவ்வி வருவது, கொடுப்பது ஆகிய நான்கையும் ஒரு பறவையைக்கூடத் தொடாமல் சொல்லிக்கொடுக்க முடியும். வட அமெரிக்காவில் 1969 முதல் இயங்கும் நாவ்டா என்ற வேட்டைநாய் அமைப்பு, பதினாறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை மூக்கு, தேடல், தடம் பிடித்தல், பறவையைக் கண்டு உறைந்து நிற்றல், தண்ணீர், வேலையில் ஆர்வம், நம்மோடு ஒத்துழைப்பு என்று ஏழு விஷயங்களில் சோதிக்கிறது. கடைசியாகச் சொன்ன ஒத்துழைப்பு இருந்தால்தான் அது வீட்டிலும் நல்ல நாயாக இருக்கும்.

எந்த இனம்

இரண்டு ரூம் வீட்டுக்கு இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல் சரியான அளவு. 13 முதல் 15 கிலோ, நல்ல மூக்கு, பிள்ளைகளோடு ஒட்டும். காதுதான் அதன் பலவீனம். நம் புழுக்கத்தில் தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாமல் சீழ் பிடிக்கும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, உள்பக்க முடியைக் குறைத்துவிட வேண்டும். லேப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வரும். பழக்குவதற்கு இதைவிட எளிது எதுவுமில்லை, ஆனால் பசி அடங்காது. லேப்களில் சுமார் கால்வாசிக்கு, வயிறு நிறைந்ததை உணரவைக்கும் பிஓஎம்சி மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். அதனால் 'பாவம், பசிக்குது' என்று அது பார்க்கும் பார்வையை நம்பாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் சோற்றைக் குறையுங்கள். கோல்டன் ரிட்ரீவர் குணத்தில் தங்கம், ஆனால் அடர்ந்த முடிக்குள் ஈரம் தங்கிப் புண் வரும். தினம் சீவ நேரமில்லாதவர்களுக்கு வேண்டாம்.

ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர்தான் எல்லா வேலைக்குமான அசல் நாய். தினம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடாவிட்டால் கதவைத் தின்றுவிடும். தண்டையார்பேட்டை அடுக்குமாடியில் இதை வைப்பது நாய்க்கும் தண்டனை, கீழ்வீட்டுக்காரருக்கும் தண்டனை. பீகிள் அழகாக இருக்கிறதென்று வாங்குகிறார்கள். அது முயலின் தடத்தை முகர்ந்து கூட்டமாக ஓடும் ஜாதி. தரையில் மூக்கை வைத்துவிட்டால் கூப்பிடுவது காதில் விழாது. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. மாடியில் புறாக் கூண்டு இருக்கும் வீட்டுக்கு அவை ஒத்துவராது.

குட்டி எடுப்பது

2017ஆம் வருட நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. சந்தையில் 'நாற்பத்தைந்து நாள் குட்டி' என்று கூடையில் வைத்திருந்தால் நடையைக் கட்டுங்கள். தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி குறையும் நேரத்தில் பல வீட்டுக் குட்டிகளோடு கலந்து நிற்பதால், வாங்கிய ஒரு வாரத்துக்குள் பார்வோ வைரஸ் வந்து ரத்தபேதியில் போய்விடலாம். தாயை நேரில் பாருங்கள். தாய் உங்களைக் கண்டு பதுங்கினாலோ பாய்ந்தாலோ குட்டியிலும் அது வரலாம். லேப், கோல்டனுக்குத் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே, லேப், காக்கருக்குக் கண் நோய்க்கான மரபணுச் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

குட்டியைத் தனியாக ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் மூன்று சோதனை செய்யுங்கள். கசக்கிய பேப்பர் பந்தை ஆறடி தூரத்தில் உருட்டிவிடுங்கள். ஓடி எடுத்து உங்கள் பக்கமாகத் திரும்புவது முதல் தரம், எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவது இரண்டாம் தரம், பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வது நமக்கு ஆகாது. பின்னால் ஒரு ஸ்டீல் தட்டைப் போடுங்கள். திடுக்கிடலாம், தப்பில்லை, அரை நிமிடத்தில் வந்து முகர்ந்து பார்க்கிறதா என்பதே கணக்கு. மூன்றாவது, ஒரு துண்டு கோழியைப் புல்லில் மறைத்து, மூக்கைப் பயன்படுத்துகிறதா அல்லது உங்கள் கையையே பார்க்கிறதா என்று கவனியுங்கள். தூண்டில் கோலில் சிறகைக் கட்டி ஆட்டி, குட்டி உறைந்து நிற்பதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அது கண்ணின் வேலை, மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் அந்த விளையாட்டைத் தொடர்ந்தால் கண்ணால் துரத்தும் பழக்கம்தான் ஏறும்.

சத்தம்

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படும் நாய் வேட்டைக்கு உதவாது என்பார்கள். இங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் சாவு ஊர்வலத்தில் சரவெடி, கல்யாணத்துக்கு அவுட்டு, ஆடித் திருவிழாவுக்கு ஸ்பீக்கர், அப்புறம் தீபாவளி. 'பழகட்டும்' என்று தீபாவளி அன்றைக்கு மாடியில் கட்டிப்போடுவதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. ஒரே ராத்திரியில் ஏறும் பயம் வாழ்நாள் முழுக்க இறங்காமல் போகலாம். பதினாலு வாரத்துக்குள் தொடங்குங்கள். வெடிச் சத்தத்தின் பதிவை போனில் மிகச் சன்னமாக வைத்து, சத்தம் வந்த பிறகு ஒரு துண்டு ஈரலைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: சத்தம் முதலில், ஈரல் பிறகு. மாறிப்போனால் ஈரலைப் பார்த்தாலே பயப்படும். காது பின்னால் மடங்கினால் ஒலியைப் பாதியாகக் குறைத்து, மூன்று நாள் அதிலேயே நில்லுங்கள்.

விசிலும் கயிறும்

வீட்டில் அம்மா 'வாடா' என்பார், பிள்ளைகள் 'கம்', அப்பா 'இங்க வா'. நாய்க்கு மூன்றும் வெறும் சத்தம். ஒரு வார்த்தையை முடிவுசெய்து பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். வெளியில் அந்த வார்த்தையும் எடுபடாது. ஹாரன் சத்தத்தைத் தாண்டி நாய் காதில் விழுவது பிளாஸ்டிக் நாய் விசில்தான். மூன்று சின்ன ஊதல் என்றால் வா, ஒரு நீள ஊதல் என்றால் அங்கேயே உட்கார். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மட்டும் மூன்று ஊதல் ஊதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

பிறகு நீளக் கயிறு. காசிமேட்டு மீன்பிடிச் சாமான் கடைகளில் ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கொக்கி. மறுமுனையில் முடிச்சு வேண்டாம், அது கல்லிலும் கேட்டிலும் மாட்டும். கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள். ஓடிய வேகத்தில் கயிறு இழுபட்டால் கழுத்து நரம்பு போகும். நைலான் உருவினால் உள்ளங்கை எரியும், கையுறை போடுங்கள். விசில் ஊதியும் வராவிட்டால் இன்னொருமுறை ஊதாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பின்னால் நடங்கள். இரண்டாவது, மூன்றாவது ஊதல்தான் 'முதல் ஊதலுக்கு வரத் தேவையில்லை' என்று கற்றுத்தருகிறது.

கவ்விக் கொண்டுவருதல்

இதற்கு மைதானத்தைவிட லைன் வீட்டு நடை மேல். நீளமாக, குறுகலாக, ஒரு முனை மூடியிருக்கும். குட்டி எடுத்துக்கொண்டு ஓட ஒரே வழி, அந்த வழியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மற்ற வீட்டுக்காரர்கள் எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும்.

எறிந்து எடுத்துவரப் பழக்கும் பொருளான டம்மியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காலை 25 செமீ நீளத்துக்கு வெட்டி, உள்ளே துணிக்கிழிசல் அடைத்து, ஐந்து செமீ தடிமனில் இறுக்கித் தையுங்கள். குட்டிக்கு 200 கிராம், ஒரு வயதுக்குப் பிறகு 500 கிராம். எடை கூட்ட உள்ளே மணல் பொட்டலம். நடுப்பகுதி சற்று மெலிந்திருந்தால் நடுவில் பிடிக்கப் பழகும், முனையைக் கவ்வித் தொங்கவிடாது.

நான்கு மீட்டர் எறியுங்கள். எடுத்து வந்ததும் உடனே பிடுங்காதீர்கள். வாயில் இருக்கும்போதே மார்பைத் தடவிக்கொடுங்கள், பத்து நொடி கழித்து ஒரு கையால் தீனியைக் காட்டி 'கொடு' என்று மறு கையை டம்மிக்கு அடியில் வையுங்கள். ஒரு நேரத்துக்கு மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்து எறிதல். அது இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள். பத்துமுறை எறிந்தால் பதினோராவதைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும், அடுத்த நாள் ஏழாவதிலேயே உட்காரும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. பிள்ளைகள் துணியை இழுத்து விளையாடினால் நாய் அழுத்திக் கடிக்கக் கற்கும். நாலு முதல் ஆறு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது ஈறு வலிக்கும். அப்போது டம்மியைத் தூக்கி உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் கவ்வுதல் என்றாலே வலி என்று பதிந்துவிடும். மூன்றாவதுதான் ஆரம்பத்தில் சொன்ன செருப்பு. செருப்போடு வந்தால் திட்டாமல் வாங்கிக்கொண்டு டம்மியைக் கொடுங்கள். கொண்டுவந்ததற்குத் திட்டு வாங்கிய நாய் அடுத்தமுறை ஒளித்து வைக்கும்.

காற்று பார்த்துத் தேட விடுங்கள்

மூக்கு வேலை சொல்லித்தருபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது காற்றின் திசையில். வாசனை, வைத்த இடத்திலிருந்து காற்றோடு விரிந்து வரும்; நாய் எதிர்க்காற்றில் வந்தால்தான் பிடிக்கும். சென்னையில் கோடைக் காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். மதியத்துக்குமேல் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஆகவே காலையில் டம்மியை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் மறைத்து, நாயைக் கிழக்கு ஓரத்திலிருந்து கிளப்புங்கள். சாயங்காலம் தலைகீழ். மழைக்காலத்தில் வடகிழக்கு. சந்தேகமென்றால் ஒரு ஊதுபத்தி கொளுத்தினால் தெரிந்துவிடும். நாய் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்து சட்டென்று தலையைத் திருப்பும், வால் வேகமாகும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். 'அங்க, அங்க' என்று கை காட்டினால் மூக்கை விட்டு உங்களைப் பார்க்கும்.

தடம் பழக்க, சாக்ஸுக்குள் புறா இறகு அடைத்து நீளக் கயிற்றின் நடுவில் கட்டுங்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இருபது மீட்டர் இழுத்துப் போனால் உங்கள் காலடி வாசனை தடத்தில் கலக்காது. மீனில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கருவாடு காயும் தெருவில் அப்புறம் நாயைத் தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

வெயில், தண்ணீர், மழை

அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. இங்கே வெயிலைவிட ஈரப்பதம் மோசம். மூச்சிரைத்தும் சூடு இறங்காது, மூச்சிரைக்கும் நாய்க்கு மோப்பமும் பிடிக்காது. நாக்கு அகன்று தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் முதலில் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், அதன்பிறகு வண்டி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்று முன்பே பார்த்து வைத்திருங்கள்.

நீந்தப் பழக்க எண்ணூர் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும் வேண்டவே வேண்டாம். ஆலைக் கழிவு ஒருபக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். புழல் ஏரி குடிதண்ணீர். திருவொற்றியூர்க் கரையில் கல் கொட்டிய இடங்களில் அலை நாயை அறைந்துவிடும். நாய்களுக்கான நீச்சல் குளம் கிடைத்தால் போங்கள், இல்லாவிட்டால் இந்தப் பாடத்தை விட்டுவிடலாம். மழைக்காலத்துக்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பூசி, வருடம் முழுக்க உண்ணி மருந்து. ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம். அந்தச் சான்றிதழோடு மாநகராட்சி லைசென்ஸ் எடுத்து, கையோடு மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள்.

புறாக் கூண்டு

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் உங்கள் மாடியில் இல்லாவிட்டாலும் பக்கத்து மாடியில் ஹோமர் என்ற பந்தயப் புறா இருக்கும். பந்தயத்தில் புறா ஊருக்கு வந்தால் மட்டும் போதாது, கூண்டுக்குள் இறங்கினால்தான் நேரம் கணக்கு. நாய் ஒன்று குரைத்துக்கொண்டு நின்றால் அது சுவரிலேயே உட்கார்ந்திருக்கும், புறாக்காரருக்கும் உங்களுக்கும் பேச்சு அறுந்துவிடும்.

ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் இருப்பதற்கு முதலில் வீட்டுக்குள் பழக்குங்கள்: ஐந்து நொடி, அரை நிமிடம், மூன்று நிமிடம். பிறகு சாக்கைக் கூண்டிலிருந்து பத்து மீட்டரில் போட்டு, நாயைக் கயிற்றில் வைத்து, கூண்டு மூடியிருக்க உட்காரவையுங்கள். பார்க்கலாம். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் தீனி. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் சிமிட்டாமல் நின்றால் தூரம் போதவில்லை, பின்னால் நகருங்கள். நாளுக்கு அரை மீட்டருக்கு மேல் கிட்டே வராதீர்கள். மூன்று மீட்டரில் அமைதியாக இருக்கும்போது புறாக்காரரை இரண்டு பறவையை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இறக்கை படபடவென்று அடிக்கும் அந்த நொடியில் ஒரு நீள விசில். உட்கார்ந்தால் டம்மியைப் பறவை போன திசைக்கு எதிர்ப்பக்கம் எறிந்து எடுக்க விடுங்கள். பறவை கிளம்பினால் நமக்கு வேலை இந்தப் பக்கம் என்று புரியும். எழுந்து பாய்ந்தால் கயிறு நிறுத்தும், அன்றைக்கு அத்தோடு முடிந்தது, மறுநாள் ஐந்து மீட்டரிலிருந்து.

இறக்கை கட்டிய உயிர்ப்புறாவைத் தரையில் விட்டுப் பழக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தில் அது குற்றம், தவிர ஒருமுறை கடித்து ரத்தம் பார்த்த வாய் மறுபடி மென்மையாவது கஷ்டம். உதிர்ந்த இறகு போதும், புறாக்காரரே பை நிறையத் தருவார். ஒரு வயது வரைக்கும் ஆள் இல்லாமல் நாயை மாடிக்கு விடாதீர்கள், படிக்கட்டுக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் ஒன்றும் போட்டுவிடுங்கள்.